பன்னிரண்டு முழத்துக்குள் பூச்சி வராத மனிதர்

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. வாசலை மறைத்து இருப்பவளே, கொஞ்சம் உள்ளே வா, என் கண்ணே, பாயில் இன்னும் இடம் இருக்கிறது. கோப்பாயில் நடந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். கேட்டு முடியும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது.

1983ஆம் ஆண்டு ஆவணி மாதம் கோப்பாயில் வந்து இறங்கிய நாள்முதல் பரமலிங்கத்துக்குப் பன்னிரண்டு முழத்துக்குள் ஒரு பூச்சியும் வந்ததில்லை. எறும்பு வராது, நுளம்பு வராது, இலையான் வராது. கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த கப்பலிலேயே அது தெரிந்துவிட்டது. அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் தலையிலிருந்த பேன்கள் வரிசையாக இறங்கி, கப்பலின் மறுபக்கத்தில் இருந்த ஒருத்தியின் தலைக்குக் குடிபோயின. காங்கேசன்துறையில் இறங்கும்போது அந்தப் பெண் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மற்றவள் திட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அவர் மனைவி ஞானாம்பிகை சீனிப் போத்தலை மூடாமல் வைத்தும் ஓர் எறும்புகூட ஏறாததைக் கண்டு, பக்கத்துத் தோட்டக்காரர் முத்துக்குமாருவைக் கூப்பிட்டுக் காட்டினார். முத்துக்குமாரு எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். பனங்கட்டித் துண்டுகளை முழத்துக்கு ஒன்றாக வரிசையில் வைத்து, நடுவில் பரமலிங்கத்தைக் கதிரையில் இருத்தினார். எறும்புகள் பதின்மூன்றாவது துண்டுவரை வந்து, அதைச் சுற்றி மொய்த்து, அப்படியே திரும்பிப் போயின.

"பரமண்ணை, உங்களை இனி நான் விடமாட்டன்," என்றார் முத்துக்குமாரு. "நாளைக்கு என்ரை வெங்காயத்துக்கை வந்து ஒரு பத்து நிமிசம் நில்லுங்கோ. தேத்தண்ணியும் வடையும் தாறன்."

பரமலிங்கம் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பூச்சி ஆராய்ச்சிக்கு உதவியாளராகப் பதினெட்டு வருடம் இருந்தவர். அதனால் ஊர் அவரைத் தேயிலைப் பரமலிங்கம் என்று அழைத்தது. அங்கே அவர் ஏதோ மருந்து படித்து, அந்த வித்தையை உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஊர் நினைத்தது. அவர் இல்லையென்று சொல்லவில்லை. நடந்தது வேறு. அதை அவர் பத்து வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஏன் தவிக்க வேண்டும்?

தேயிலையில் இலையைச் சுருட்டி அதற்குள் இருந்து தின்னும் ஒரு புழு உண்டு. அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவியும் உண்டு. நெல்மணியில் பாதிகூட வராது அந்தக் குளவி. மருந்தடித்தால் புழுவும் சாகும், குளவியும் சாகும். பிறகு புழு மட்டும் திரும்பி வரும். பசித்தவை முதலில் வரும், பசித்தவற்றைத் தின்பவை ஆறுதலாக, பிந்தித்தான் வரும். ஆகவே மருந்தை நிறுத்தி, குளவிகளைப் பெருகவிட்டுப் பார்ப்போம் என்று ஏழாம் நம்பர் மலையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் பரமலிங்கம் அங்கே போய், நூறு சுருட்டை இலைகளைப் பிரித்து, எத்தனை புழுக்களைக் குளவி பிடித்திருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த மலைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையோ தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டு வாசலால் போனது. அது சிமியோனின் வீடு. சிமியோன் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆள். அவர் மனைவி ஸ்ரெல்லா கொழுந்து பறிப்பவள். யாழ்ப்பாணத்து ஐயா தங்கள் வாசலால் போகிறாரே என்று ஸ்ரெல்லா ஒரு கண்ணாடிக் கிளாசை மூன்று தரம் கழுவி, தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு நிற்பாள்.

லயத்து வீட்டில் தண்ணி வென்னி வாங்கிக் குடிப்பவர் அல்லர் பரமலிங்கம். அவர் தகப்பனும் குடித்திருக்கமாட்டார், சகோதரங்களும் குடித்திருக்கமாட்டார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் அவருக்குத் துணிவில்லை. முதற் செவ்வாய் "இண்டைக்கு நான் விரதம்" என்றார். அடுத்த செவ்வாயும் விரதம் என்றார். மூன்றாம் செவ்வாயும் விரதம் என்றார். நாலாம் செவ்வாய் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துப் பாதி வழியில் திரும்பிவிட்டார். அதன்பிறகு அவர் ஏழாம் நம்பர் மலைக்குப் போகவேயில்லை. விடுதியில் இருந்து எண்களை எழுதினார். பதினாறு புழுவைக் குளவி பிடித்தது என்று எழுதினால் பதினாறு புழுவையும் போத்தலில் இட்டுக் காட்ட வேண்டும். ஒன்றுமில்லை என்று எழுதினால் ஒன்றையும் காட்டத் தேவையில்லை. ஆகவே குளவி ஒன்றுமில்லை என்று ஏழு மாதம் எழுதினார். கடைசியில் துரை அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, குளவி இல்லாத மலையில் எதற்கு ஆராய்ச்சி என்று சொல்லி, மருந்தை இரண்டு மடங்கு கூட்டி அடிக்கச் சொன்னார்.

அடித்தவர் சிமியோன். காலில் செருப்பில்லை, முகத்தில் துணியில்லை. எட்டாம் நாள் வாயில் நுரை தள்ளி மலையிலேயே விழுந்து செத்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில், கசிப்புச் சாராயம் குடித்துச் செத்தவர் என்று எழுதிக் கதையை முடித்தார்கள். சிமியோன் பத்து வருடமாக அதைத் தொட்டதில்லை. அன்றுதான் பரமலிங்கம் பல மாதங்களுக்குப் பிறகு ஏழாம் நம்பர் மலைக்குப் போனார். தேயிலைச் செடிகளின் கீழே குளவிகள் எள்ளுக் கொட்டினமாதிரிச் செத்துக் கிடந்தன. அவ்வளவு குளவி அந்த மலையில் இருந்திருக்கிறது. அவர் குனிந்து ஒன்றை எடுக்கப் பார்த்தார். செத்த குளவிகள் பன்னிரண்டு முழத் தூரத்துக்கு அவரை விட்டு உருண்டு விலகின.

இப்போது கோப்பாய்க்கு வருவோம். முத்துக்குமாருவின் வெங்காயத்தில் அந்த வருடம் ஒரு புழு இல்லை. அடுத்த வருடம் ஊரே வரிசையில் நின்றது. கமக்காரர் சங்கத்தில் அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள்: திங்கள் புகையிலை, செவ்வாய் வெங்காயம், புதன் மிளகாய். முத்துக்குமாரு அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டு திரிந்தார். செத்த வீடுகளில் பிரேதத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். கோயிலில் பஞ்சாமிர்தச் சட்டிக்குக் காவலாக நிறுத்தினார்கள். ஒருமுறை காவலரண் ஒன்றில் பிடித்துப் விடியும்வரை நடுவில் நிற்க வைத்துவிட்டு, தேங்காய் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். எந்தப் படை என்று கேட்காதீர்கள். எல்லாப் படைகளுக்கும் நுளம்பு கடித்தது.

"எங்கடை இவர் படிச்ச படிப்பு அப்பிடி," என்று ஞானாம்பிகை கிணற்றடியில் பெண்களுக்குச் சொல்வார். "மலையிலை வெள்ளைக்காரனே இவரிட்டைக் கேட்டுத்தான் மருந்தடிப்பானாம்."

குசினிக்குள் இருந்து அதைக் கேட்டுக்கொண்டு பரமலிங்கம் பேசாமல் இருப்பார். 1985இல் ஒருநாள் தனியே இருந்து பனங்கட்டித் துண்டுகளைத் தாமே வைத்து அளந்து பார்த்தார். பூச்சி வராத வட்டம் இருபத்தேழு முழமாகியிருந்தது. ஒரு மாதம் கவனித்தபோது கணக்குப் பிடிபட்டது. யாராவது அவருடைய ஆராய்ச்சியைப் புகழ்ந்து, அவர் மறுக்காமல் இருந்தால், அன்று வட்டம் ஒரு முழம் கூடியது. புகழாத நாளில் கூடவில்லை. உண்மையைச் சொன்னால் குறையுமோ என்று யோசித்தார். சொன்னால் இந்த ஊரில் எந்த முகத்தோடு நடப்பது என்றும் யோசித்தார். இரண்டாவது யோசனை ஒவ்வொரு நாளும் வென்றது.

1986இல் ஸ்ரெல்லா கோப்பாய்க்கு வந்தாள். கலவரத்தில் லயம் எரிந்தபிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அலைந்து, மகளையும் கூட்டிக்கொண்டு முத்துக்குமாருவின் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தாள். தோட்டத்துக் கிணற்றுக் கப்புத் தூணில் அவளுக்கென்று ஒரு தகரப்பேணி தொங்கியது. அதில்தான் அவளுக்குத் தேத்தண்ணி. வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்தவள் சைக்கிள் கரியரில் வந்து இறங்கிய பரமலிங்கத்தைக் கண்டு எழும்பி, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கும்பிட்டாள்.

"ஐயாங்களா? எங்க ஐயாவா?" என்றாள். பிறகு முத்துக்குமாருவிடம் திரும்பி, "இவரு சாமி மாதிரிங்க. எந்நேரமும் விரதம்," என்றாள்.

முத்துக்குமாரு வாய்விட்டுச் சிரித்தார். "விரதமோ? உவர் எங்கடை வீட்டிலை ஏழு வடை தின்னுறவர்."

"எங்க ஊர்ல அப்படியில்லீங்க," என்றாள் அவள் உறுதியாக.

அன்றைக்கு மட்டும் வட்டம் முப்பது முழம் கூடியது.

அதன்பிறகு நடந்தவை பரமலிங்கத்துக்குப் புதினமல்ல. அவர் மலையில் படித்த பாடம் அது. அவர் கால்வைத்த தோட்டத்தில் புழு ஓடியது, புழுவைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் சேர்ந்து ஓடின. அவர் விலகியதும் புழு முதலில் வந்தது, இரண்டு பங்காக வந்தது. அதனால் அவரை மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு தரம் நின்ற தோட்டத்தில் பிறகு வாரம் ஒருதரம் நிற்க வேண்டியிருந்தது, அடுத்த வருடம் நாளுக்கு ஒருதரம். 1990இல் பாதை மூடி, பெற்றோலும் பற்றரியும் மருந்தும் வராமல் போனபோது அவருக்கு உறங்க நேரமில்லை. அவர் ஒரு மனிதராக இல்லை, போத்தலில் அடைக்காத மருந்தாக இருந்தார். 1992இல் வட்டம் ஊரின் பாதியை மூடியது. பூசணி பூத்தது, காய்க்கவில்லை. புடலையும் பாகலும் முருங்கையும் பூத்துக் கொட்டின. தேனீ ஒன்று வந்தால்தானே காய்க்கும்? தேனீக்கள் கைதடிப் பக்கம் போய்விட்டன என்று கண்டவர்கள் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு மரக்கறியை விட்டால் வேறொன்றும் இல்லாத வருடம் அது.

தேனீ செய்கிற வேலையைப் பெண்கள் செய்தார்கள். பூசணிப்பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏற வாடிவிடும். அதற்குள் கோழி இறகால் ஆண்பூவின் மகரந்தத்தைத் தொட்டுப் பெண்பூவில் தடவ வேண்டும். கொழுந்து பறித்த விரல்களுள்ள ஸ்ரெல்லாவைப்போல வேகமாக ஒருவராலும் அதைச் செய்ய முடியவில்லை. பரமலிங்கம் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் விரட்டிய தேனீக்களின் வேலையை, அவர் கொன்றவரின் மனைவி, குனிந்த முதுகோடு பூப்பூவாகச் செய்துகொண்டிருந்தாள். அவருக்குக் காது மடல்கள் சுட்டன. அங்கேயே நின்றார், ஆனால் உள்ளே போகவில்லை.

அவள்தான் வேலிக்கு வந்தாள். "ஐயா, ஒரு ஒதவிங்க. மகளுக்கு ஒரு எடம் வந்திருக்கு. கைதடியில இருக்காங்க, எங்களை மாதிரி மலையில இருந்து வந்தவங்கதான். குடிச்சுச் செத்தவன் புள்ள வேணாம்ங்கிறாங்க. ஐயாவுக்குத்தான் அவரைத் தெரியும். அவரு குடிக்கலைன்னு ஒரு கடிதாசி எழுதிக் குடுங்க. ஐயா கையெழுத்துன்னா நம்புவாங்க."

பரமலிங்கம் அன்று பகலே எழுதிக் கொடுத்தார். இன்னார் நன்னடத்தை உடையவர் என்றும் மதுப்பழக்கம் அற்றவர் என்றும் நல்ல தமிழில் எழுதி, தம் பழைய உத்தியோகத்தையும் கீழே போட்டார். ஒரு வாரத்தில் கடிதம் திரும்பி வந்தது. குடிக்காதவர் என்றால் முப்பத்தாறு வயதில் எப்படிச் செத்தார் என்று கைதடிக்காரர் கேட்டிருந்தார்கள். கடிதம் திரும்பிவந்த அன்றே இருபாலையில் தேனீக்கூடு ஒன்று வெறுமையாகியது. வட்டம் அடுத்த ஊருக்குள் போய்விட்டது.

1993ஆம் ஆண்டு மாசி மாதம், பூசணி பூத்த ஒரு காலையில், பரமலிங்கம் முத்துக்குமாருவின் தோட்டத்துக்குள் போனார். இறகும் கையுமாக ஒன்பது பெண்கள் நின்றார்கள். முத்துக்குமாரு தண்ணீர் இறைக்கும் பட்டைக்கொடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பரமலிங்கம் வரப்பில் நின்று, தாள்களில் ஒன்றுமில்லை என்று எழுதியதையும், அதனால் மருந்து அடிக்கப்பட்டதையும், சிமியோன் மருந்தால்தான் செத்தார் என்பதையும், அது தமக்கு அன்றே தெரியும் என்பதையும் சொன்னார். மலைக்கு ஏன் போகவில்லை என்பதையும் சொன்னார். சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஸ்ரெல்லா கையில் இருந்த பூவைத் தடவி முடித்தாள். அடுத்த பூவையும் தடவினாள். அந்தப் பாத்தி முடியும்வரை அவள் நிமிரவில்லை. பிறகு வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"அப்ப அந்த மூணு செவ்வாக்கிழமையும்... விரதமில்லீங்களா?"

"இல்லை."

"அன்னைக்கெல்லாம் அவரு ரேடியோவ நிப்பாட்டி வச்சாருங்க. ஐயா விரதம், சத்தம் போடாதேன்னு புள்ளய அதட்டினாரு. நாங்க கறி ஆக்கல. ஐயா திரும்பி வர்றப்ப மணம் வரக்கூடாதுன்னு."

புழுவைப் பற்றிச் சொன்னபோது அழாத பரமலிங்கம் இப்போது நின்றபடியே அழுதார். அழுவதற்குத் தமக்கு உரிமையில்லை என்று தோன்றிச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அழாதீங்க. எழுதுங்க," என்றாள் ஸ்ரெல்லா. "விரதத்தையும் சேத்து எழுதுங்க."

கடதாசி கிடையாத காலம் அது. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றின் நடு ஒற்றைகளைக் கிழித்து, தோட்டத்திலேயே இருந்து நாலு பக்கம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் மாதா கோயில் வாசலில் அது உரத்து வாசிக்கப்பட்டது. கைதடிக்காரர் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பங்குனி கழியச் சித்திரையில் கலியாணம் நடந்தது. பரமலிங்கத்துக்கு அழைப்பு வரவில்லை. வரும் என்று அவரும் நினைக்கவில்லை.

ஊர் பலவிதமாகக் கதைத்தது. அதைக் கோயிலில் கடவுளுக்குச் சொல்லியிருக்கலாம், ஒரு கூலிக்காரிக்கா சொல்வது என்றார்கள் சிலர். "நான் உங்களைக் கரியரிலை ஏத்தித் திரிஞ்சன் பாருங்கோ," என்றார் முத்துக்குமாரு. அதன்பிறகு அவரைச் சைக்கிளில் ஏற்றவில்லை. ஞானாம்பிகை நாற்பது நாள் தெரு ஒழுங்கையால் போகாமல் வேலிப் பொட்டுக்குள் நுழைந்து போய்வந்தார். நாற்பத்தோராம் நாள் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னார்:

"இஞ்சேருங்கோ, ஒரு மிடறு தேத்தண்ணி. குடிச்சிருந்தால் கரைஞ்சே போயிருப்பியள்?"

சொல்லிவிட்டு அவரும் தலையைக் குனிந்துகொண்டார். அவர்களுடைய கிணற்றடியிலும் ஒரு தகரப்பேணி தொங்கியது.

வட்டம் நாளுக்கு நாள் சுருங்கியது. முதலில் இருபாலைக்குத் தேனீ வந்தது. ஆடியில் முருங்கை காய்த்தது. முத்துக்குமாருவின் பூசணிக்குள் பெண்கள் இறகை வீசிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். வெங்காயத்தில் புழு வந்தது, புழுவுக்குப் பின்னால் கொஞ்சம் சுணங்கிப் பொறிவண்டும் வந்தது. "பொறுங்கோ, மருந்து தேடாதேங்கோ, பின்னாலை ஆள் வருது," என்று பரமலிங்கம் வேலிக்கு வெளியே நின்று சொல்வார். கேட்டவர்கள் கொஞ்சப்பேர்தான். சுருங்கிச் சுருங்கி வட்டம் பன்னிரண்டு முழத்தில் வந்து நின்றது. அதற்குமேல் அது குறையவில்லை. மிச்சத்தைக் குறைப்பது ஸ்ரெல்லாவின் கையில் இருக்கிறது என்றார்கள். அவளிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. பரமலிங்கமும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய காரியமல்ல அது.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் படை வருகிறதென்று வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது உங்களுக்குத் தெரியும். கோப்பாயிலிருந்து கைதடி வீதியால் மழைக்குள் நடந்தார்கள். பரமலிங்கமும் ஞானாம்பிகையும் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஒரு வகுப்பறைக்குள் பதினேழு குடும்பங்கள் இருந்தன. வெளியே வெள்ளம். நுளம்பு புகைமாதிரி நின்றது. பக்கத்து அறையில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. மருந்துக் குளிசை இல்லை. பரமலிங்கம் ஒதுங்கி ஒரு மூலையில் இருந்தார். அவரைச் சுற்றி மட்டும் காற்று வெறுமையாக இருந்ததை ஒரு தாய் கண்டுவிட்டாள். ஒன்றும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிவந்து அவருக்குப் பக்கத்தில் கிடத்தினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். மத்தியானத்துக்குள் ஊரவர்கள் அவரை அறையின் நடுவுக்குக் கொண்டுவந்து இருத்தி, நாலு பக்கச் சுவரையும் தொட்டுப் பிள்ளைகளை நிரையாகக் கிடத்திவிட்டார்கள்.

"உது நல்லதாலை வந்ததில்லை, பிள்ளை," என்று அவர் ஒவ்வொரு தாய்க்கும் சொன்னார். "என்ரை கெட்ட காரியத்தாலை வந்தது. தெரிஞ்சுகொண்டு கிடத்துங்கோ."

"எதாலை வந்தால் என்ன, அப்பு," என்றாள் ஒருத்தி. "அசையாமல் இருங்கோ, பிள்ளை கண்ணயருது."

மூன்றாம் நாள் கைதடியும் எழும்பியது. அங்கே மகள் வீட்டில் இருந்த ஸ்ரெல்லா மகளோடும் மருமகனோடும் நனைந்து வந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பேரன். வாசலில் நின்று அறையைப் பார்த்தாள். பரமலிங்கம் அவளைக் கண்டு எழும்பப் பார்த்தார். மடியருகே தூங்கிய பிள்ளைகள் சிணுங்கவே மறுபடி இருந்துவிட்டார். அவள் படுத்திருந்த பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி வந்து, இருந்த இடங்களையெல்லாம் ஒருமுறை பார்த்து, பேரனை அவருடைய முழங்காலோடு ஒட்டிக் கிடத்தினாள். அதைவிட நல்ல இடம் அந்த அறையில் இல்லை. தன் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு சுவரோடு போய் இருந்தாள்.

பரமலிங்கம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கால் விறைத்தது, அதை நீட்டவில்லை. எட்டு நாள் அப்படியே இருந்தார். ஞானாம்பிகை சோற்றை உருட்டி வாயில் வைத்தார். அந்த அறையில் கிடந்த முப்பத்தொரு பிள்ளைகளில் ஒன்றுக்கும் காய்ச்சல் வரவில்லை. அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் வட்டத்தை அளக்கவுமில்லை, காரணம் கேட்கவுமில்லை. புதிதாக வந்த குடும்பங்களுக்குக் கிணறு எங்கே என்று காட்டினார்கள், கழிப்பறை எங்கே என்று காட்டினார்கள், கைக்குழந்தை இருந்தால் அந்த மனிதருக்குப் பக்கத்தில் கிடத்தச் சொல்லிக் காட்டினார்கள்.

இவ்வளவுதான், என் செல்வங்களே. உங்கள் வீட்டுப் பூசணி பூத்ததெல்லாம் காய்க்கட்டும். உங்கள் முற்றத்துக்குத் தேனீ வந்து போகட்டும், உங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராமல் இருக்கட்டும். உங்கள் வாசலால் போகிறவர்கள் வெட்கமில்லாமல் உள்ளே வந்து இருக்கட்டும். போய்ச் சுகமாகப் படுங்கள்.